சந்தையில் வீசும் கோவா இலையிலிருந்து குளுக்கோசு: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

ஒரு கோவா இலையைக் கிழித்துத் தண்ணீரில் போட்டு அவித்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, குளுக்கோசு போன்ற சீனி இருந்தால் நிறம் மாறிக் காட்டும் பெனடிக்ற் கரைசல் விட்டுச் சூடாக்கிப் பாருங்கள். பச்சை, மஞ்சள் என்று மாறிக் கடைசியில் செங்கல் நிறம் வந்து நிற்கும். நாரை வெட்டிச் சீனியாக்கும் நொதியம் (என்சைம்) ஒரு துளிகூடப் போடவில்லை. கோவாவுக்குள் இயல்பாகவே இருக்கிற குளுக்கோசும் பிரக்ரோசும்தான் அந்த நிறத்தைத் தந்தன, நாரில் உள்ள செலுலோசு முழுவதும் அப்படியே இலையில் கிடக்கிறது. உணவுக் கழிவிலிருந்து நொதியத்தால் சீனி எடுத்தோம் என்று கண்காட்சி மேசையில் பிள்ளைகள் காட்டுகிற சோதனைக்குழாய்களில் நான் பார்த்த சில இந்த நிறத்தில்தான் ஏமாந்திருந்தன. பிள்ளைகளில் பிழை இல்லை, கழுவச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நொதியம் போடுவது ஐந்து நிமிட வேலை. கழுவுவதும், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு போத்தல்கள் வைப்பதும்தான் மிச்ச நேரம் முழுவதும். அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால், உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளையோ, வீட்டுக் குசினியில் ஆர்வத்தோடு செய்து பார்க்கிற ஒருவரோ, நம்பக்கூடிய ஒரு விடையை நாலைந்து நாளில் எடுத்துவிடலாம். மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களோடு சேர்ந்து சில தடவை செய்து பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சோறும் வைக்கோலும்

சம்மாந்துறைப் பக்கம் அறுவடை முடிந்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் வீட்டுக்குப் போகிறது, வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. நெல்லுக்குள் இருக்கிற மாப்பொருளும் வைக்கோலில் இருக்கிற செலுலோசும் குளுக்கோசு என்ற ஒரே மணியால் கோர்த்த மாலைகள்தான். வித்தியாசம் முடிச்சில் இருக்கிறது. மாப்பொருளில் உள்ளது அல்பா பிணைப்பு, அதை நம் உமிழ்நீரே வெட்டத் தொடங்கிவிடும். செலுலோசில் உள்ளது பீற்றா பிணைப்பு, அதை வெட்டும் கத்தி நம் உடம்பில் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை, அதன் வயிற்றில் வாழும் நுண்ணங்கிகள்தான் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. இதோடு செலுலோசு மாலைகள் தனித்தனியாக இருப்பதில்லை, பக்கம் பக்கமாக இறுக்கி அடுக்கிக் கயிறு போல முறுகியிருக்கும், அதனால் தண்ணீரே உள்ளே நுழையக் கஷ்டப்படும்.

செலுலோசை வெட்டும் நொதியத்தைக் கடையில் செலுலேசு என்று ஒரே பெயரில் விற்றாலும் அது ஒரு நொதியம் அல்ல, குறைந்தது மூன்று வகை சேர்ந்த கூட்டம். ஒன்று கயிற்றின் நடுவில் அங்கங்கே வெட்டும். இரண்டாவது, வெட்டுப்பட்ட நுனியில் பிடித்து இரண்டு இரண்டு மணியாகக் கழற்றிக்கொண்டே போகும். அந்த இரட்டை மணிக்குப் பெயர் செலோபயோசு. மூன்றாவது, பீற்றா குளுக்கோசிடேசு, இரட்டையைப் பிரித்துத் தனிக் குளுக்கோசாக்கும். மூன்றாவது குறைவாக இருந்தால் இரட்டை மணிகள் சேர்ந்து சேர்ந்து, மற்ற இரண்டு நொதியங்களின் வேலையையும் மறித்துவிடும். இதை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் அளக்கும்போது தேவைப்படும்.

இந்தக் கூட்டத்தை அள்ளிச் சுரக்கிற பங்கசு ஒன்று உண்டு, டிரைக்கோடேர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் உக்கிப்போனதை ஆராய்ந்தபோது கிடைத்தது அது. எல்வின் ரீஸ் என்ற ஆய்வாளரின் பெயரைத்தான் பின்னர் அதற்கு வைத்தார்கள். இன்று தொழிற்சாலைகள் வாங்குகிற செலுலேசில் பெரும்பகுதி அந்தப் பங்கசின் வழியில் வந்தது. நம் பக்கத்து மாரி மழையில் ஈரம் ஊறிய பருத்தித் துணி மூலையில் கிடந்து நைந்துபோவதும் இதே மாதிரி வேலைதான்.

எதை எடுப்பது

இதில்தான் நான் முதலில் சறுக்கினேன். நம்மிடம் அதிகமாக மிஞ்சுவது எது என்று பார்த்தேன், பால் பிழிந்த தேங்காய்ப்பூச் சக்கை. தினமும் ஒவ்வொரு வீட்டிலும் விழுகிறது, வெள்ளையாக இருக்கிறது, நாராகவும் தெரிகிறது. கழுவி, எண்ணெய் போக்கி, நொதியம் போட்டு இரண்டு நாள் வைத்தேன். குளுக்கோசு ஏறவே இல்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன், தேங்காய்ப்பூவின் நாரில் பெரும்பங்கு செலுலோசு அல்ல, மன்னான். அது மனோசு என்ற வேறு சீனியால் ஆன சங்கிலி, அதற்கு மன்னனேசு என்ற வேறு நொதியம் வேண்டும். ஆகவே தேங்காய்ப்பூவில் தொடங்காதீர்கள்.

தேங்காய்த் தும்பு, கச்சான் கோது, உமி மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டிலும் மரத்தன்மை தரும் இலிக்னின் மிக அதிகம், சீமெந்து பூசியது மாதிரி செலுலோசை மூடிக்கொண்டிருக்கும். உமியில் இலிக்னினோடு சிலிக்காவும் சேர்ந்திருக்கிறது. வாழைக்காய்த் தோல், உருளைக்கிழங்குத் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் மாப்பொருள். அவற்றிலிருந்து குளுக்கோசு வந்தால் அது செலுலோசிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் கடைச் செலுலேசில் மாப்பொருளை வெட்டும் அமிலேசும் கொஞ்சம் கலந்திருப்பது வழக்கம்.

நல்லது கோவாவின் வெளி இலை. மலைநாட்டிலிருந்து லொறியில் வந்து இறங்கும் கோவாவை மட்டக்களப்புச் சந்தையிலோ கல்முனைச் சந்தையிலோ அடுக்கும்போது வெளி இலைகளை உரித்துப் போடுவார்கள். காலையில் போய் ஒரு பை கேட்டால் சும்மாவே தருவார்கள். இலிக்னின் குறைவு, மாப்பொருள் இல்லை என்றே சொல்லலாம், அரைக்க இலேசு. வத்தகைப்பழத் தோலின் வெள்ளைப் பகுதியும், கீரைத் தண்டும் பரவாயில்லை. சோளப்பொத்தியின் மட்டையும் கரும்புச் சக்கையும் இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவை எங்கே பிரிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். குப்பைக்குப் போன பிறகு பொறுக்காதீர்கள். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு உணவுக் கழிவைத் தேடி வந்த யானைகள் பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கி இறந்தது 2022 ஜனவரியில் உலகமெங்கும் செய்தியானது, எட்டு வருடத்தில் இருபது யானைகள் அளவில் என்று அப்போது எழுதினார்கள். இலையும் தோலும் பையோடு கலந்துபோன பிறகு அதைப் பிரிக்க யானையாலும் முடியாது, நம்மாலும் முடியாது. சந்தை மேசையிலேயே, உரித்த கையோடு வாங்கிவிடுங்கள்.

நொதியம் வாங்குவது

கொழும்பில் ஆய்வுகூடப் பொருள் விற்கிறவர்களிடம் சொல்லி எடுக்கலாம். ஜீன்ஸ் துணி கழுவும் தொழிற்சாலைகளும் செலுலேசு பாவிக்கின்றன, தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் சிறு போத்தல் கேட்டுப் பாருங்கள். ஆனால் வாங்கும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது அமில வகையா, நடுநிலை வகையா? வேலை செய்யும் பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, எவ்வளவு? ஒரு மில்லிலீற்றரில் எத்தனை அலகு? துணிக்குச் செய்த சில வகைகளில் நடுவில் வெட்டும் நொதியம் மட்டும்தான் அதிகம், துணியின் நுனியை மழிக்க அது போதும், குளுக்கோசு எடுக்கப் போதாது. அமில வகை, பிஎச் 5க்குக் கிட்ட வேலை செய்வது என்று இருந்தால் எடுங்கள்.

பாமசியில் கிடைக்கும் சமிபாட்டு மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலும் டயஸ்டேசு, பப்பேயின் என்றுதான் இருக்கும். ஒன்று மாப்பொருளை வெட்டுவது, மற்றது புரதத்தை வெட்டுவது. செலுலோசைத் தொடாது.

நொதியத்தைப் பிரிஜ்ஜில் வையுங்கள், உறைய விடாதீர்கள். தூள் வகை என்றால் முகக்கவசம் போட்டுத்தான் திறக்க வேண்டும். நொதியத் தூளை மூச்சில் இழுத்தால் ஒவ்வாமை, தொய்வு வரக்கூடும், இதில் விளையாட வேண்டாம்.

முதல் நாள்: அரை, அவி, கழுவு

ஒரு கிலோ இலை எடுங்கள். பச்சைக் கோவாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர், ஆகவே கடைசியில் ஒரு கைப்பிடி நார்தான் மிஞ்சும், பார்த்துப் பயப்படாதீர்கள். மண் போகக் கழுவி, நடுத்தண்டை நறுக்கி, பிளெண்டரில் தண்ணீர் விட்டு நன்றாக அரையுங்கள். அரைத்ததை நிறையத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, பழைய வேட்டித் துணியில் ஊற்றிப் பிழியுங்கள். பச்சைத் தண்ணீர் ஓடும். திரும்ப வெந்நீர் விட்டுக் கலக்கிப் பிழியுங்கள். திரும்பவும்.

எத்தனை தரம் என்று எண்ண வேண்டாம், பெனடிக்றையே கேளுங்கள். பிழிந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சூடாக்கினால் நீலம் நீலமாகவே நிற்க வேண்டும். நான்காவது பிழிச்சலிலும் இலேசான பச்சை தெரிந்தால் ஐந்தாவதும் செய்யுங்கள். இதில் சோம்பல் பட்டால் பின்னால் வருகிற எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

அடுத்து அயடீன் சோதனை. காயத்துக்குப் பூசும் பழுப்பு அயடீன் மருந்தைத் தண்ணீரில் ஐதாக்கி ஒரு துளி நாரில் விடுங்கள். கருநீலம் வராவிட்டால் மாப்பொருள் இல்லை.

பிறகு நாரைத் தண்ணீரோடு பிரஷர் குக்கரில் வைத்து, விசில் வந்ததும் அடுப்பைக் குறைத்து இருபது நிமிடம். இது இரண்டு வேலை செய்யும். கலங்களை ஒட்டவைத்திருக்கும் பெக்ரின் கரைந்து நார் தளரும், அதோடு பற்றீரியாக்கள் சாகும். ஆறியதும் கொதித்தாறிய தண்ணீரில் இன்னும் ஒருமுறை கழுவிப் பிழிந்துவிடுங்கள்.

கோவாவுக்கு இது போதும். சோள மட்டை, கரும்புச் சக்கை என்றால் காரம் வேண்டும். வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலைக் காரத்தில் அவித்துக் கூழாக்கியது இதற்குத்தான், காரம் இலிக்னினைக் கழற்றிச் செலுலோசை விட்டுவைக்கும். வீட்டில் செய்கிறவர்கள் கோஸ்டிக் சோடாப் பக்கம் போக வேண்டாம், சலவைச் சோடாவை நூறு பங்கு தண்ணீருக்கு ஐந்து பங்கு கரைத்து ஒரு மணி நேரம் மெதுவாக அவித்தால் ஓரளவு பலன் கிடைக்கும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அலுமினியச் சட்டியைக் காரம் அரித்து ஐதரசன் வாயு கிளம்பும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிறகு காரம் முழுவதும் போகக் கழுவுங்கள்.

இனி ஒரு முக்கியமான விஷயம். நாரை வெயிலில் காயப்போட்டுத் தூளாக்கத்தான் எல்லோருக்கும் கை வரும். செய்யாதீர்கள். ஒருமுறை நன்றாகக் காய்ந்த நாரில் நுண்துளைகள் ஒட்டி மூடிக்கொள்ளும், திரும்ப நனைத்தாலும் முழுதாகத் திறக்காது, நொதியம் உள்ளே போக வழி குறையும். ஈரமாகவே பையில் கட்டிப் பிரிஜ்ஜின் உறைபெட்டியில் வையுங்கள்.

எடைக்கு என்ன செய்வது? ஈர நாரில் 10 கிராம் மட்டும் ஒரு தட்டில் பரப்பிக் காய வையுங்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசுகிற நாளில் மாலைக்குள் காய்ந்துவிடும், மார்கழி மழையில் பாடசாலை அவணைத்தான் நம்ப வேண்டும். எடை மாறாமல் நின்றதும் நிறுங்கள். 10 கிராம் 1.5 கிராமாக வந்தது என்று வையுங்கள், அப்போது 3 கிராம் உலர் நார் வேண்டுமென்றால் 20 கிராம் ஈர நார் எடுக்க வேண்டும். தட்டான்மார் பாவிக்கிற மாதிரிச் சிறு மின்தராசு இதற்கு நல்லது.

இரண்டாம் நாள்: தாங்கற் கரைசலும் கடதாசிச் சோதனையும்

நொதியத்துக்கு பிஎச் 4.8 முதல் 5 வரை பிடிக்கும். அதை மாறாமல் பிடித்து வைப்பதுதான் தாங்கற் கரைசல். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 10.5 கிராம் சித்திரிக் அமிலம் கரையுங்கள். அதில் அப்பச்சோடாவை 6 கிராம் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரத்தில் செய்யுங்கள். நுரை அடங்கியதும் பிஎச் தாளிலோ மீற்றரிலோ பாருங்கள். 4.8 வரவில்லை என்றால் இன்னும் ஒரு சிட்டிகை, திரும்பப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் காரமாக இருக்கும் இடங்களில் அளவு மாறும் என்பதால் முடிந்தால் காய்ச்சி வடித்த நீரை எடுங்கள், பற்றரிக்கு விடும் தண்ணீர் என்று கடையில் விற்பதுகூடச் சரி.

கழிவைத் தொடுவதற்கு முன் நொதியம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வுகூட வடிதாளில் 0.5 கிராம் வெட்டி 100 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலில் போட்டு, நொதியம் விட்டு, 50 பாகையில் இரவு முழுவதும் வைத்து இடைக்கிடை குலுக்குங்கள். எழுதும் கடதாசி வேண்டாம், அதில் சுண்ணாம்பும் மாப்பொருளும் சேர்த்திருப்பார்கள். நல்ல நொதியம் என்றால் காலையில் வடிதாளின் ஓரம் பிய்ந்து, குலுக்கும்போது உடைந்து, பஞ்சுத் துகள் மாதிரி மிதக்கும். நானும் பிள்ளைகளும் இதைப் பார்த்த முதல் காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நேற்று கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டிப் போட்ட தாள், போத்தலைச் சாய்த்தபோது மூலையே இல்லாமல் குழைந்து வந்தது. அரை கிராம் செலுலோசு முழுவதும் உடைந்தால் டெசிலீற்றருக்கு 555 மில்லிகிராம் குளுக்கோசு வர வேண்டும். அதில் பாதி வந்தாலே நொதியம் நல்லது.

சூட்டைப் பிடித்து வைப்பது

மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி இருக்கிறதே, அதைவிட மலிவான நீர்த்தொட்டி இல்லை. 50 பாகைத் தண்ணீரைப் பாதி நிரப்பி, போத்தல்களைக் கழுத்து வரை இறக்கி, மூடியைப் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து, இறங்கியிருந்தால் ஒரு கோப்பை கொதிநீர் சேருங்கள், போத்தலில் படாமல் மூலையில் ஊற்றுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42க்கு மேல் காட்டாது, ஆய்வுகூடத்து வெப்பமானி தேவை. 60ஐத் தாண்டினால் நொதியம் குலைந்துவிடும், ரைஸ் குக்கரின் சூடு வைக்கும் நிலை அதற்கு மேலே போகும் என்பதால் அதை நம்பாதீர்கள். இரவில் நாற்பதுக்கு இறங்கினால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். ஆனால் அறைச் சூட்டில் அப்படியே விட்டால் பற்றீரியா வந்து நீங்கள் எடுத்த குளுக்கோசைத் தின்றுவிடும். 50 பாகை வைப்பதில் பாதி லாபம் அதுதான், பெரும்பாலான கிருமிகளுக்கு அந்தச் சூடு ஒத்துவராது.

மூன்றாம் நாள்: நான்கு போத்தல்

ஒன்று அல்ல, நான்கு. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

முதல் போத்தலில் நாரும் நொதியமும். இரண்டாவதில் நார் மட்டும். கழுவியும் போகாத சீனி எவ்வளவு என்று அது சொல்லும். மூன்றாவதில் நொதியம் மட்டும், நார் இல்லை. இதைத்தான் அநேகம் பேர் விட்டுவிடுகிறார்கள். திரவ நொதியங்கள் கெடாமல் இருக்கச் சில நிறுவனங்கள் அதில் குளுக்கோசு போன்ற சீனிகளையே சேர்த்திருக்கும், அது உங்கள் கணக்கில் ஏறிவிடும். நான்காவதில் நாரும், பத்து நிமிடம் கொதிக்க வைத்துக் கெடுத்த நொதியமும். முதல் போத்தலில் மட்டும் குளுக்கோசு ஏறி நான்காவதில் ஏறாவிட்டால், வேலை செய்தது கெடாத நொதியம்தான் என்று யார் கேட்டாலும் காட்டலாம்.

நார் போகும் மூன்று போத்தலிலும் 20 கிராம் ஈர நார், அதாவது 3 கிராம் உலர் நார். தாங்கற் கரைசல் விட்டு 100 மில்லிலீற்றருக்குக் கொண்டுவாருங்கள். நாரில் மூன்றில் ஒரு பங்கு செலுலோசு என்று கணக்குக்காக எடுத்தால் ஒரு கிராம் செலுலோசு. ஆய்வுகூடங்களில் ஒரு கிராம் செலுலோசுக்கு 10 முதல் 20 வடிதாள் அலகு (வடிதாளை எவ்வளவு வெட்டும் என்று பார்த்துச் சொல்லும் நொதிய அளவு) நொதியம் போடுவது வழக்கம். உங்கள் திரவம் மில்லிலீற்றருக்கு 60 அலகு என்றால் 0.25 மில்லிலீற்றர் போதும், இன்சுலின் சிரிஞ்சில் அளந்து விடலாம். அலகு தெரியாத நொதியம் என்றால் நாரின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு, 5 பங்கு என்று இரண்டு போத்தல் வைத்துப் பாருங்கள்.

போட்ட நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். 0, 1, 3, 6, 24, 48 மணி நேரத்தில் ஒவ்வொரு போத்தலிலும் குலுக்கிவிட்டு 2 மில்லிலீற்றர் எடுத்து, சோதனைக்குழாயில் கொதிநீரில் பத்து நிமிடம் வையுங்கள், அதோடு நொதியம் நின்றுவிடும். தெளிய விட்டு மேல் தண்ணீரை எடுத்து அளக்கலாம்.

கண்ணுக்கே தெரியும் மாற்றமும் உண்டு. தொடக்கத்தில் முதல் போத்தல் கூழ்ப் பதத்தில் இருக்கும், சாய்த்தால் மெதுவாகச் சரியும். ஆறு மணி நேரத்தில் இளகும். மறுநாள் காலையில் சாய்த்தால் மோர் மாதிரி ஓடி, அடியில் கொஞ்சம் மண்டி மட்டும் தங்கும். பக்கத்தில் இரண்டாவது போத்தல் நேற்றுப் போலவே கூழாக நிற்கும். அந்த இரண்டையும் ஒன்றாகச் சாய்த்துக் காட்டினால் வேறு விளக்கம் வேண்டாம்.

அளப்பது

சீனி வருத்தம் உள்ள வீட்டில் குளுக்கோமீற்றர் இருக்கும். அது இரத்தத்துக்காகச் செய்தது என்பதை மறக்காதீர்கள், அமிலத் தண்ணீரில் அது காட்டும் எண்ணை அப்படியே எழுதக்கூடாது. முதலில் அளவுகோல் செய்ய வேண்டும். வேறு எதுவும் சேர்க்காத குளுக்கோசுத் தூளில் 400 மில்லிகிராம் எடுத்து உங்கள் தாங்கற் கரைசலில் 100 மில்லிலீற்றராக்குங்கள். வைத்தமின் சி கலந்த பைக்கற் வேண்டாம், மீற்றரைக் குழப்பும். அதைப் பாதி பாதியாக ஐதாக்கினால் டெசிலீற்றருக்கு 400, 200, 100, 50 மில்லிகிராம் என்று நான்கு கரைசல், இனி வரும் எண்களும் இதே அலகில்தான். ஒரு இரவு வைத்துவிட்டு அளந்து பாருங்கள். புதிதாகக் கரைத்த குளுக்கோசு தன் அல்பா, பீற்றா வடிவங்களுக்குள் சமநிலைக்கு வரச் சில மணி நேரம் எடுக்கும், மீற்றரில் செருகும் பல சோதனைத் துண்டுகளில் உள்ள நொதியம் பீற்றா வடிவத்தைத்தான் பிடிக்கும். மீற்றர் காட்டியதற்கும் உண்மை அளவுக்கும் ஒரு கோடு வரைந்து வைத்துக்கொண்டால் பிறகு எல்லா அளவையும் அந்தக் கோட்டில் வைத்து வாசிக்கலாம்.

மீற்றர்கள் பெரும்பாலும் 20க்கும் 600க்கும் இடையில்தான் காட்டும். முதல் போத்தலில் 600ஐத் தாண்டலாம், ஆகவே ஒரு பங்குக்கு நான்கு பங்கு தாங்கற் கரைசல் சேர்த்து ஐந்து மடங்கு ஐதாக்கி அளந்து, விடையை ஐந்தால் பெருக்குங்கள்.

கணக்கு இப்படி. ஐதாக்கிய முதல் போத்தல் கோட்டில் 112 வந்தது என்று வைப்போம், ஐந்தால் பெருக்க 560. நொதியம் மட்டும் உள்ள போத்தல் 30. நார் மட்டும் உள்ளது காட்டவே இல்லை. 560இல் 30 போக 530. ஒரு கிராம் செலுலோசு முழுதாக உடைந்தால் 1.11 கிராம் குளுக்கோசு, உடைகிற ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்வதால் எடை கூடுகிறது. ஆக உச்ச அளவு 1110, உங்களுக்கு வந்தது 530, ஏறக்குறைய நூற்றுக்கு 48. மூன்றில் ஒரு பங்கு செலுலோசு என்று நாம் எடுத்த அனுமானம் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் இந்த 48உம் சரி, அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

சரி, எண் வரவில்லை என்றால்? பெனடிக்ற் நல்ல சிவப்பு, மீற்றர் மட்டும் குறைவு என்றால் செலோபயோசு தேங்கியிருக்கிறது. பெனடிக்ற் இரட்டை மணிக்கும் நிறம் கொடுக்கும், மீற்றர் தனிக் குளுக்கோசைத்தான் பார்க்கும். பீற்றா குளுக்கோசிடேசு கூடிய நொதியம் தேவை என்று அர்த்தம். 24 மணியில் ஏறி 48இல் இறங்கினால் கிருமி நுழைந்துவிட்டது, போத்தலை முகர்ந்தால் புளித்த வாசம் தெரியும். இரண்டுமே குறைவு என்றால் முதலில் பிஎச்சைத் திரும்பப் பாருங்கள், காரத்தில் அவித்த நாரைச் சரியாகக் கழுவாதபோது பிஎச் ஏறி நொதியம் படுத்துவிடும். முதல் ஆறு மணி நேரம் வேகமாக ஏறிப் பிறகு மெதுவானால் பழுது இல்லை. இலேசாகப் பிடிபடும் இழைகள் முதலில் போய்விடும், சேர்ந்த குளுக்கோசே நொதியத்தை மறிக்கும், அது இயல்பு.

எடுத்த பிறகு

தேத்தண்ணிக்குப் போட இது சீனி ஆகாது. ஒரு கிலோ கோவாவில் உள்ள செலுலோசு முழுதாக உடைந்தாலும் இரண்டு தேக்கரண்டி அளவுக்குத்தான் குளுக்கோசு. துணிக்குச் செய்த நொதியம் என்றால் வாயில் வைக்கவே கூடாது. இந்த முறைக்குப் பலம், தொன் கணக்கில் ஒரே வகைக் கழிவு ஓரிடத்தில் சேரும்போதுதான், ஹிங்குரானைப் பக்கத்துக் கரும்புச் சக்கை மாதிரி, அறுவடைக்குப் பின் வயலில் எரிக்கும் வைக்கோல் மாதிரி. அந்தக் குளுக்கோசிலிருந்து எதனோல், இலக்ரிக் அமிலம், அதிலிருந்து உக்கும் பிளாஸ்டிக் என்று வழிகள் திறக்கும்.

உங்கள் போத்தலுக்குச் சின்னதாக ஒரு அடுத்த படி உண்டு. சூட்டை 35க்கு இறக்கி, பேக்கரி ஈஸ்ட் ஒரு சிட்டிகை போட்டு, வாயில் பலூனை மாட்டுங்கள். முதல் போத்தலின் பலூன் எழும்ப வேண்டும், இரண்டாவதினது தொங்கியபடி கிடக்க வேண்டும். 180 கிராம் குளுக்கோசு முழுதாக நொதித்தால் 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் என்பது கணக்கு. அதோடு நிறுத்துங்கள், வடிக்கப் போவது சட்டவிரோதம்.

முடிந்ததும் நான்கு போத்தலையும் கொதிக்க வைத்துவிட்டு, தண்ணீரைக் கழிவு வாய்க்காலிலும் மண்டியைப் பசளைக் குழியிலும் போடலாம். உறைபெட்டியில் மிஞ்சிய நாரில் திகதியும், ஈர எடைக்கு எவ்வளவு உலர் எடை என்ற கணக்கும் எழுதி ஒட்டி வையுங்கள், வத்தகைத் தோலில் அடுத்த தடவை செய்யும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டும்.